லோரோங் கூலிட்டில் வாங்கிய மூன்று ஜப்பான் படங்கள், அதில் ஒன்று நோய்ப் படமாம்

ஜெலுத்தோங்வாசி

போன ஞாயிறு காலை பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். சைக்கிளுக்குப் பழைய டைனமோ ஒன்று தேடித்தான் போனேன், அது கிடைக்கவில்லை, ஒரே மாதிரி கறுப்புச் சட்டம் போட்ட மூன்று ஜப்பான் படங்களோடு வீட்டுக்கு வந்தேன். கடைக்காரர் 250 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார். வெயில் ஏறி அவர் தார்ப்பாயைச் சுருட்டும்வரை அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து 90க்கு முடித்தேன்.

முதல் படத்தில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு முன்னால் தரையில் நீளமான பலகை மாதிரி ஒரு வாத்தியம், குடம் இல்லாத வீணை என்று வைத்துக்கொள்ளுங்கள், கம்பிகளுக்கு அடியில் சின்னச் சின்னக் கட்டைகள் சாய்வரிசையாக நிற்கின்றன. இரண்டாவது அகலவாக்கில் உள்ள படம். செடிகொடி அதிகம் இல்லாத ஒரு மேடு, குட்டை குட்டையாய்ச் சில மரங்கள், இடது பக்கம் ஒரு பலகாரக் கடை, அதை நோக்கி மூன்று பெண்கள் ஏதோ நீளமான சாமான்களோடு நடந்து வருகிறார்கள். பாசாருக்குப் போய்த் திரும்புகிறார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவதுதான் பிரச்சினை. உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு பூதத்தைக் கீழே தள்ளி ஒரு கூட்டமே அடிக்கிறது, ஆளுக்கு ஒரு சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு. ஓரத்தில் இரண்டு பேர் அடிக்காதே அடிக்காதே என்று தடுக்கிற மாதிரி இருக்கிறது. மேலே பாதிப் படத்துக்கு எழுத்து. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் அரைகுறையாக "தட்டம்மை" என்று வருகிறது. இதை நான் சத்தமாகப் படித்தது தப்பு. அம்மா சமையலறையிலிருந்து வந்து, "ஏன்டா, சும்மா வருகிற நோய் போதாதென்று காசு கொடுத்து வேறு வாங்கி வந்தாயா" என்று கேட்டுவிட்டு அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

என் சந்தேகங்கள்: இவை உண்மையான பழைய மரக்கட்டை அச்சா, அல்லது நாள்காட்டிப் படமா? அந்தக் காலத்தில் நோயைப் படமாக வரைந்தால் யார் வாங்கியிருப்பார்கள்? ஹாலில் மாட்டலாமா கூடாதா என்பதற்கும் யாராவது பதில் சொன்னால் அம்மாவிடம் காட்டுவேன்.

பழைய_அச்சகன்

தம்பி, நான் செந்தூலில் 31 வருடம் அச்சுத் தொழிலில் இருந்தவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், நாள்காட்டி எல்லாம் அடித்திருக்கிறேன். படத்தைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன். மூன்றும் ஒரே அளவு என்றால் அதுவே சந்தேகத்துக்கு இடம். அந்தக் காலத்து மரக்கட்டை அச்சில் தாளுக்கு வழக்கமான அளவுகள் உண்டு, பெரியது சுமார் 39க்கு 26 செண்டிமீட்டர், அதைவிடச் சின்னது சுமார் 28க்கு 21. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆள் போட்ட மூன்று படம் உங்கள் சட்டத்துக்கு ஏற்ற மாதிரி ஒரே அளவில் எப்படி வரும்? சட்டத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் கிடைத்தால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நிறம் இருக்கும் இடத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது ஆஃப்செட், அதாவது எந்திர அச்சு, பேச்சே வேண்டாம். மரக்கட்டை அச்சில் நிறம் ஒரே பரப்பாக இருக்கும், சில இடத்தில் மரத்தின் நரம்புகூடத் தெரியும். தாளின் பின்பக்கம் பாருங்கள், நிறம் கொஞ்சம் ஊறி வந்திருக்க வேண்டும், தேய்த்த தடமும் இருக்கலாம். ஏனென்றால் அவர்கள் எந்திரத்தில் அழுத்துவதில்லை. ஈரப்படுத்திய தாளைக் கட்டைமேல் வைத்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தட்டு ஒன்றால் கையால் தேய்ப்பார்கள், அதன் பெயர் பாரென்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு, சொல்லாமல் விட முடியாது. நாங்கள் நாலு கலர் அடிக்கும்போது ரிஜிஸ்டர், அதாவது ஒரு நிறம் இன்னொன்றோடு பொருந்துவது, சரியாக உட்காராமல் எத்தனை ரீம் தாளைக் குப்பையில் போட்டிருக்கிறோம் என்று கணக்கே இல்லை. அவர்கள் காட்டுச் செர்ரி மரக் கட்டையில், ஒரு மூலையில் ட எழுத்து மாதிரி ஒரு வெட்டும் கொஞ்சம் தள்ளி ஒரு நேர்க்கோட்டு வெட்டும் வைப்பார்கள், அவ்வளவுதான். தாளை அந்த இரண்டு வெட்டிலும் முட்டக் கொடுத்து வைத்தால் பத்துக் கட்டைக்கும் பத்து நிறமும் முடியிழை பிசகாமல் உட்காரும். அதற்குக் கென்தோ என்று பெயர். 1765 வாக்கில் ஹருநோபு என்ற ஓவியர் காலத்தில்தான் இப்படிப் பல நிறம் போடுவது சூடுபிடித்தது. வரைகிறவர் ஒருவர், செதுக்குகிறவர் ஒருவர், தேய்க்கிறவர் ஒருவர், இந்த மூவருக்கும் மேலே முதல் போட்ட பதிப்பாளர் ஒருவர். பெயர் வாங்கியது என்னவோ வரைந்தவர் மட்டும்தான். அச்சுத் தொழிலில் அது எப்போதும் நடப்பதுதான்.

வேப்பிலை_அக்கா

ஓய்வு பெற்ற தாதி நான், பட்டர்வொர்த். அம்மா சொன்னதில் தப்பில்லை தம்பி, ஆனால் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்ப வேண்டியதும் இல்லை.

நம் வீட்டில் அம்மை கண்டால் என்ன செய்தோம்? "அம்மா வந்திருக்கிறாள்" என்றோம். வாசலில் வேப்பிலை செருகினோம், அதைப் பார்த்தவுடன் வெளியார் உள்ளே வராமல் திரும்பிவிடுவார்கள். தாளிப்பு கிடையாது, எண்ணெய் காய்ச்சக் கூடாது, இளநீர், கூழ், ராத்திரி பாட்டி தலைமாட்டில் உட்கார்ந்து மாரியம்மன் தாலாட்டு பாடுவார். நான் தோட்டத்தில் வளர்ந்தவள், எனக்கு மணல்வாரி வந்தபோது அந்தத் தாலாட்டைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினேன். முத்து இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றியபின் வேப்பிலையை எடுத்துக் கொண்டுபோய் ஆற்றில் விட்டோம். பின்னால் தாதிப் படிப்பில் தட்டம்மை எப்படிக் காற்றில் பரவுகிறது என்று பாடம் எடுத்தபோது, வாசல் வேப்பிலை செய்த வேலை எனக்குச் சட்டென்று விளங்கியது.

ஜப்பான்காரர்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது இருந்திருக்கும். அந்தப் படம் வீட்டு அழகுக்கு வாங்கியது மாதிரி எனக்குத் தோன்றவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு

90 வெள்ளிக்கு நாள்காட்டித் தாள். அடுத்த வாரம் போனால் என் பழைய செருப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே.

பாயான்_லெப்பாஸ்_ஷிப்ட்

வெட்டிப்பேச்சு, அந்தப் படங்கள் வந்த காலத்திலேயே மலிவுச் சரக்குதான். எதோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், சாதாரணப் படம் ஒன்று ஒரு கிண்ணம், இரண்டு கிண்ணம் நூடல் விலைக்குக் கிடைத்தது. இன்று டீ-சட்டையில் எல்லாம் போட்டுக்கொள்கிற ஹொக்குசாய் என்ற ஓவியரின் பெரிய அலைப் படமும் 1831 வாக்கில் அப்படிக் கடைவாசலில் தொங்கியதுதான். நம் ஊரில் சாமி படம் போட்ட நாள்காட்டி விற்ற மாதிரி.

நான் 19 வருடம் ஜப்பான்காரர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், படிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஜெலுத்தோங் தம்பி, நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் மூன்றாவது படம் ஹஷிக்கா-எ, தட்டம்மைப் படம். 1862இல் எதோவில் தட்டம்மை பரவியபோது இந்த மாதிரிப் படங்கள் பலவிதமாக வந்து விற்றுத் தள்ளின. அதற்கு முந்தைய பெரிய தட்டம்மை 1836. நடுவில் 26 வருடம், அதனால் அந்த இடைவெளியில் பிறந்த ஆட்களுக்கு உடம்பில் எதிர்ப்பே கிடையாது, குழந்தைகளோடு வாலிபர்களும் படுத்துவிட்டார்கள்.

உங்கள் படத்தில் அடிக்கிறவர்கள் யார் என்று நன்றாகப் பாருங்கள். முடி திருத்துகிறவர், பொதுக் குளியல் வீட்டுக்காரர், சாராயக் கடை, நூடல் கடை, கேளிக்கைத் தெருப் பெண்கள் என்று இருப்பார்கள். நோய் வந்தால் குளிக்காதே, முடி அலங்காரம் செய்யாதே, குடிக்காதே, இன்னது சாப்பிடாதே என்று பத்தியம் சொல்வார்கள் இல்லையா, இவர்கள் பிழைப்பெல்லாம் போய்விட்டது, அந்தக் கோபத்தில் அடிக்கிறார்கள். தடுக்கிற இரண்டு பேர் வைத்தியரும் மருந்துக் கடைக்காரரும்! அவர்களுக்கு மட்டும் அந்த வருடம் தீபாவளி. கொரோனாவுக்கு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்ட 2020இல் முடிவெட்டும் கடை மூடி, முகக் கவசப் பெட்டி விலை ஏறியதை நினைத்துப் பாருங்கள், இந்தப் படத்தை அப்படியே திரும்ப அடித்திருக்கலாம்.

மேலே இருக்கும் எழுத்து பெரும்பாலும் எது சாப்பிடலாம் எது கூடாது, எத்தனை நாளைக்கு எது விலக்கு என்ற பத்தியப் பட்டியல். சிலதில் மந்திர வழியும் இருக்கும். தராயோ என்று ஒரு மர இலை, கீறினால் எழுத்து கறுப்பாகத் தெரியும், அதில் ஒரு செய்யுளை எழுதி ஆற்றில் விடுவது ஒன்று. குதிரைக்குத் தீனி வைக்கும் வாளியைக் குழந்தை தலையில் கவிழ்ப்பது இன்னொன்று. ஆக, ஒரே தாளில் படம், சிரிப்பு, மருத்துவக் குறிப்பு, மந்திரம் எல்லாம் ஆயிற்று. யார் வாங்கினார்கள் என்று கேட்டீர்களே, வீட்டில் நோயாளி இருந்தவர்கள் வாங்கினார்கள்.

அக்கா கேட்டதற்கு வருகிறேன். பெரியம்மைக்குத் தனியாகப் படங்கள் உண்டு, முழுக்கச் சிவப்பு மையில் அடித்தவை, சிவப்புப் படம் என்றே பெயர். பெரியம்மைக்கு ஒரு சாமி, அதற்கும் சிவப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று நம்பிக்கை. குழந்தைக்குச் சிவப்புத் துணி, சிவப்புப் பொம்மை, தலைமாட்டில் சிவப்புப் படம். படத்தில் பேய் விரட்டும் ஷோக்கி, விழுந்தாலும் எழும் தருமா பொம்மை, ஆந்தை, வில்வீரன் தமேதொமோ இப்படி யாராவது இருப்பார்கள். தருமா வேறு யாரும் இல்லை, காஞ்சியிலிருந்து போனதாக நாம் சொல்கிற போதிதர்மர்தான். குழந்தை பிழைத்ததும் சாமியை வைக்கோல் தட்டில் வைத்து ஆற்றங்கரையில் வழியனுப்பிவிட்டு, படத்தை எரித்துவிடுவார்கள் அல்லது தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அதனால்தான் சிவப்புப் படங்கள் இன்று அதிகம் மிஞ்சவில்லை. நீங்கள் வேப்பிலையை ஆற்றில் விட்டீர்கள், அவர்கள் படத்தை விட்டார்கள்.

வேப்பிலை_அக்கா

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு வித்தியாசம், அவர்களுக்குச் சிவப்பு, நமக்குக் குளிர்ச்சி. நாங்கள் அம்மை வீட்டில் சிவப்பைக் கண்ணில் காட்டவே மாட்டோம், எல்லாம் மஞ்சளும் பச்சையும்தான். தடுப்பூசி வந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள்? இங்கே தோட்டத்தில் ஊசி போடப் போனால் அம்மா கோபித்துக்கொள்வாள் என்று பிள்ளைகளை மறைத்து வைத்த கதை எல்லாம் என் மூத்த தாதிகள் சொல்லியிருக்கிறார்கள்.

பாயான்_லெப்பாஸ்_ஷிப்ட்

அங்கேயும் பயம் இருந்தது அக்கா, மாட்டுச் சீழை உடம்பில் ஏற்றினால் கொம்பு முளைக்கும் என்று. பசு அம்மைத் தடுப்பு மருந்து 1849இல் நாகசாகிக்கு வந்து சேர்ந்தது. உடனே அதற்கும் படம் போட்டார்கள்: ஒரு சின்னப் பையன் மாட்டின்மேல் ஏறி உட்கார்ந்து, கையில் ஈட்டியோடு பெரியம்மைப் பேயை விரட்டுகிறான். முன்னே சாமியைக் கெஞ்சிய அதே மரக்கட்டையில் இப்போது ஊசிக்கு விளம்பரம்.

இரண்டாவது படம் பற்றிச் சொல்ல மறந்தேன். பலகாரக் கடை, வெறும் மேடு, மூன்று பெண்கள் என்றால் ஹிரோஷிகே என்ற ஓவியர் 1833-34 வாக்கில் போட்ட தொக்காய்தோ நெடுஞ்சாலை வரிசையில் வரும் ஃபுத்தாகாவா என்ற ஊர். அந்தக் கடையில் விற்பது கஷிவா-மொச்சி, இலையில் மடித்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பெண்கள் பாசாரிலிருந்து வரவில்லை தம்பி. அவர்கள் கொஸே, கண் தெரியாத பாடகிகள். நீளமாகத் தெரிவது ஷாமிசென் வாத்தியம். ஊர் ஊராக நடந்து பாடிப் பிழைப்பார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_வீணை

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், கொஸே என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வர வேண்டியதாகிவிட்டது. வீணை சொல்லிக் கொடுக்கிறேன், கோலாலம்பூர்.

ஜெலுத்தோங் தம்பி, உங்கள் மூன்று படமும் மூன்று விஷயம் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள், இசை, தெரு, நோய் என்று. அந்தப் பெண்களுக்கு எதனால் கண் போயிற்று என்று நினைக்கிறீர்கள்? அந்தக் காலத்து ஜப்பானில் கண் போனதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று பெரியம்மை, தட்டம்மையும் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தையில் அம்மை கண்டு கண்ணைக் கொடுத்தவர்களுக்குப் பிழைப்பு என்று இருந்தது பாட்டு, வாத்தியம், உடம்பு பிடித்துவிடுவது, அக்குபங்சர் ஊசி வைத்தியம். கண் தெரியாத ஆண்களுக்குச் சங்கமே இருந்தது, அதில் பதவிகள் உண்டு, மேல் பதவிக்குக் கெங்யோ என்று பெயர். உங்கள் முதல் படத்தில் தரையில் கிடக்கிறதே கோத்தோ, 13 கம்பி, அதற்கு இன்று வாசிக்கிற முறைக்கெல்லாம் அடித்தளம் போட்ட யத்சுஹாஷி கெங்யோ, 1614இல் பிறந்து 1685இல் இறந்தவர், கண் தெரியாதவர். அதாவது படம் மூன்றில் கிடக்கிற அந்தப் பூதம் படம் இரண்டில் நடந்து போகிற பெண்களின் கண்ணை வாங்கியது.

முதல் படம் ஹருநோபு போட்டது என்றே நினைக்கிறேன், வீட்டுக்குள் எட்டுக் காட்சி என்று 1766 வாக்கில் ஒரு வரிசை. சீனத்தில் பழைய மரபு ஒன்று உண்டு, ஆற்றங்கரையின் எட்டு அழகுகள், அதில் ஒன்று மணல்திட்டில் காட்டு வாத்துகள் வரிசையாக வந்து இறங்குவது. ஹருநோபு வாத்தும் வரையவில்லை, ஆறும் வரையவில்லை. கம்பிக்கு அடியில் சாய்வரிசையாக நிற்கிற அந்தக் கட்டைகளைக் காட்டி, இவைதான் இறங்கும் வாத்துகள் என்றார். நீங்கள் "சின்னச் சின்னக் கட்டைகள்" என்று எழுதியதே படத்தின் பொருள். சுதி மாற்ற வேண்டுமானால் அந்தக் கட்டைகளைத்தான் நகர்த்துவார்கள், நம் வீணையில் விரலுக்கு அடியில் வரும் மெட்டுகளை மெழுகில் பதித்துவிட்டால் நகராது, அங்கே வாத்துகள் ஒவ்வொரு பாட்டுக்கும் இடம் மாறி உட்காரும்.

ஷாமிசென் பற்றியும் ஒரு வார்த்தை. தம்புராவில் கம்பியைத் தாங்கும் குதிரை என்ற கட்டைமேல், கம்பிக்கு அடியில் ஒரு நூல் வைப்போம், ஜீவா என்போம், அதனால்தான் அந்த ரீங்காரம். ஷாமிசெனில் தடித்த கம்பியை மட்டும் மேலே தாங்காமல் கழுத்து மரத்தைத் தொட விடுவார்கள், அதுவும் அப்படி ரீங்கரிக்கும், சவாரி என்று பெயர். முதல் தடவை பதிவில் கேட்டபோது யாரோ தம்புராவை வேண்டுமென்றே கோபமாக மீட்டுகிற மாதிரி இருந்தது. ரியூக்யூ தீவுகளிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் பாம்புத் தோல் போட்ட வாத்தியமாக வந்தது, ஜப்பானில் பூனைத் தோலுக்கு மாறிவிட்டது. என் வீட்டில் மூன்று பூனைகள் இருக்கின்றன, அதற்குமேல் நான் படிக்கவில்லை.

வெட்டிப்பேச்சு

சரி சரி, செருப்பு வேண்டாம். நல்ல திரி இது.

பாயான்_லெப்பாஸ்_ஷிப்ட்

வீணை அக்கா, கண் விஷயத்தை நான் அப்படிச் சேர்த்து யோசிக்கவே இல்லை. அந்த ஃபுத்தாகாவா படத்தை எத்தனையோ தடவை பார்த்தும் என் கண் கொழுக்கட்டைக் கடையில்தான் நின்றது. ஹிரோஷிகேயும் 1858இல், எதோவில் காலரா வந்த அதே வருடம் இறந்தார், காலராவால்தான் என்று பரவலாகச் சொல்வார்கள்.

தம்பி, தட்டம்மைப் படத்தில் ஓரமாக ஒரு சின்ன வட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது தணிக்கை முத்திரை. அந்தக் காலத்தில் அரசாங்கம் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அச்சடிக்கலாம். வருடங்களுக்கு மிருகப் பெயர் வைக்கும் அவர்கள் கணக்கில் 1862 நாய் வருடம், அந்த எழுத்தும் மாதத்தின் எண்ணும் சேர்ந்து ஒரே வட்டத்துக்குள் இருக்கும்.

ஜெலுத்தோங்வாசி

எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்து வந்து மூன்றையும் கழற்றிவிட்டேன். லென்ஸ், பினாங்கு சாலையில் நகை வேலை செய்கிற நண்பனிடம் இரவல்.

அச்சக ஐயா சொன்னது சரி. கோத்தோ படமும் கொழுக்கட்டைக் கடைப் படமும் புள்ளி, புள்ளி, எங்கே பார்த்தாலும் புள்ளி. பின்பக்கம் வழவழவென்று இருக்கிறது, ஒன்றின் கீழ் ஓரத்தில் ஆணி அடித்த ஓட்டைகூட இருக்கிறது, நாள்காட்டியேதான். சின்னப் படத்தைப் பெரிதாக்கி, அகலப் படத்தைச் சுற்றி வெள்ளை விட்டு அளவைச் சமமாக்கியிருக்கிறார்கள்.

தட்டம்மைப் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பின்னால் திருப்பினால் சிவப்பும் நீலமும் ஊறி வந்திருக்கின்றன, பூதம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பித் தெரிகிறது. நடுவில் ஒரு மடிப்பு, மேல் மூலையில் பூச்சி அரித்த பாதை. வலது ஓரத்தில் வட்ட முத்திரை ஒன்று இருக்கிறது, படம் எடுத்துப் பாயான் அண்ணனுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். கை நடுங்குகிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பழைய_அச்சகன்

சிரிக்க மாட்டேன். ஆனால் அவசரப்படவும் கூடாது. முத்திரையும் கட்டையிலேயே செதுக்கியது, அதனால் பின்னாளில் பழைய படத்தைப் பார்த்து மரக்கட்டையிலேயே புதிதாகச் செதுக்கி அடித்தாலும் முத்திரை வரும், நிறமும் ஊறும். அப்படி அடித்தவர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் உண்டு. ஆனால் பொதுவாக அழகான பெண், அலை, மலை என்றுதான் திரும்ப அடிப்பார்கள், தட்டம்மைப் பூதத்தை மெனக்கெட்டுச் செதுக்க ஆள் குறைவு. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள்: சட்டத்தின் பின்னால் இருந்த பழைய அட்டையைத் தூக்கிப் போடுங்கள், அதுதான் தாளைப் பழுப்பாக்கும். செல்லோடேப் தொடவே கூடாது. பினாங்கு ஈரத்துக்குக் கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொள்ளும், நடுவில் அமிலம் இல்லாத அட்டையில் ஓரம் வெட்டி இடைவெளி விட்டு மாட்டுங்கள். வெயில் படும் சுவர் வேண்டாம், அந்தக் காலத்துச் சிவப்பு குசும்பாப் பூவில் எடுத்ததாக இருந்தால் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

பாயான்_லெப்பாஸ்_ஷிப்ட்

முத்திரை பார்த்தேன். நாய், ஏழாம் மாதம். வட்டத்துக்குள் சரியாக இருக்கிறது. பத்தியப் பட்டியலை இந்த வார விடுமுறையில் உட்கார்ந்து படித்துத் தமிழில் எழுதித் தருகிறேன், கையெழுத்து கொடூரமாக இருக்கிறது, நேரம் ஆகும். நூடல் கூடாது என்பது மட்டும் இப்போதே தெரிகிறது.

ஜெலுத்தோங்வாசி

அம்மாவிடம் வேப்பிலை அக்கா எழுதியதையும் சிவப்புப் படக் கதையையும் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். "அடிக்கிறவர்கள் எல்லாம் நம்மைப் போல கடை வைத்தவர்களா" என்று கேட்டார். எங்கள் குடும்பம் 2020இல் சாப்பாட்டுக் கடையை மூடியது, அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஹாலில் இன்னும் அனுமதி இல்லை, ஆனால் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கவில்லை.

இன்னொன்று. அதே கடைக்காரரிடம் அதே கறுப்புச் சட்டத்தில் இன்னும் இரண்டு படம் கிடந்த ஞாபகம், ஒன்று சிவப்பாக இருந்ததா என்று நேற்றிலிருந்து மண்டையைக் குடைகிறது. ஞாயிறு ஏழு மணிக்கெல்லாம் லோரோங் கூலிட்டில் இருப்பேன். பாயான் அண்ணன் வந்தால் பசியாறல் என் செலவு. வெட்டிப்பேச்சு வரக் கூடாது, விலையை ஏற்றிவிடுவார்.